பாகூர் செப்பேடும் பீரோ சாவியும்

பாகூரில் ஒரு காலத்தில் பெரிய கல்விச்சாலை இருந்தது தெரியுமோ? ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில், அங்கிருந்த 'வித்யாஸ்தான'த்தின் செலவுக்காக மூன்று ஊர்களை வரி நீக்கி எழுதிவைத்தார்கள். சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பொறித்த அந்தச் செப்பேடுகள் 1879-ல் கிடைத்தன. அப்போது அங்கே ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது. செப்பேடுகள் கப்பலேறிப் பாரிஸில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. ஆக, பாகூரின் கல்வி பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய ஆவணத்தைப் பாகூர்க்காரர் ஒருவர் பார்க்க வேண்டுமென்றால், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டு நூலகத்துக்குப் போக வேண்டும்.

அந்த மூன்று ஊர் நெல்லைச் சாப்பிட்டுப் படித்தவர்கள் யார் என்பது வேறு விஷயம். வேத சாஸ்திரம் படித்தவர்களுக்கான இடம் அது. நாற்று நட்டவள் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்க மாட்டாள். ஊரின் விளைச்சலில் படிப்பு நடக்கும், ஆனால் ஊருக்கு அல்ல. இந்த ஏற்பாடு நம்மிடம் நீண்ட நாள் இருந்தது. 1827-ல் புதுச்சேரியில் கவர்னர் தெபசான் தெ ரிஷ்மோன் ஒரு பொது நூலகம் தொடங்கினார். இன்றைய ரோமன் ரோலண்ட் நூலகம் அதுதான். 'பொது' என்று பெயர் வைத்தார்களே தவிர, ஆரம்பத்தில் அது ஐரோப்பியர்களுக்கு மட்டும். மற்றவர்கள் உள்ளே போக 1837 வரை காத்திருந்தார்கள். பத்து வருடம்தானே என்று தோன்றலாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கூலிக்காரத் தெருக்களுக்குப் புத்தகம் போய்ச் சேர ஆன காலத்தை யாரும் எண்ணவில்லை.

(கொம்யூன் என்றால் ஏதோ ரஷ்ய சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பஞ்சாயத்து ஒன்றியத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்துவிட்டுப் போன பெயர். புதுவையில் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் போர்டு.)

இதையெல்லாம் இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், இந்தக் கிராமங்களில் நடந்த, நடக்கிற எழுத்தறிவு வேலையைப் பற்றியும் நூலகங்களைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டடம் இல்லை, பணம் இல்லை, ஆள் இல்லை என்ற வழக்கமான குறை இல்லை. அவை இருக்கின்றன, எல்லோருக்கும் தெரியும். என் குறை புத்தகங்கள் மேல்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மறு வருடம் எர்ணாகுளம் மாவட்டம் மொத்தமும் எழுத்தறிவுக்காகத் தெருவில் இறங்கியது. 1990 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிப்பு வந்தது. அந்த அலை அடுத்து வந்து மோதிய இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. புதுவை அறிவியல் இயக்கத்து ஆட்கள் முன்னால் நின்றார்கள். கலைஜாதா என்று தெருமுனையில் பாட்டும் நாடகமும் போட்டார்கள். காலேஜ் பையன்கள், வேலை கிடைக்காத பெண்கள், வாத்தியார்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் ராத்திரி ஏழு மணிக்கு மேல் திண்ணையிலும் கோயில் வாசலிலும் தெரு விளக்கின் கீழும் உட்கார்ந்து 'ப'வும் 'ட'வும் சொல்லிக்கொடுத்தார்கள். அறிவொளி என்ற பெயர் இப்போது ஏதோ பழைய அரசு விளம்பரம் மாதிரி ஒலிக்கும். அந்த ராத்திரிகளைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒலிக்காது. ஒரு அரசாங்கத் திட்டத்துக்குள் இத்தனை பேர் காசு வாங்காமல் வேலை செய்ததை நம் தலைமுறை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

புதுக்கோட்டையில் இதே அறிவொளி பெண்களைச் சைக்கிள் ஏற்றிவிட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகத்துக்குச் சொன்னார். நெல்லூர் கதை அதைவிட ஒரு படி மேல். எழுத்துப் படிக்க வந்த பெண்களுக்குப் பாடப் புத்தகத்தில் 'சீதம்மா கதை' என்று ஒன்று இருந்தது. பெண்கள் சேர்ந்து ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்த கதை. துபகுண்டா என்ற ஊரில் அதைப் படித்த பெண்கள், 'புஸ்தகத்துல நடந்தா நம்ம ஊர்ல ஏன் நடக்காது?' என்று கிளம்பிவிட்டார்கள். 1992-ல் மாவட்டம் முழுக்கப் பரவி, மறு வருடம் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை போடும்வரை ஓயவில்லை.

இதை ஒரு இலக்கிய விமர்சகனின் கண்ணோடு பாருங்கள். ஒரு சின்னக் கதை. பெரிய எழுத்தில் அச்சான சில பக்கங்கள். அது ஒரு மாநில அரசின் வருமானத்தில் கைவைத்தது. தமிழில் எந்த நாவலுக்காவது இந்தப் பெருமை உண்டா? 

ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு, புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கென்று எத்தனை புத்தகங்கள் வந்தன! அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். பதினாறு பக்கம். பெரிய எழுத்து. அட்டையில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய ஒரு பெண், கையில் சிலேட்டு. கதையும் ஒன்றேதான்: அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கந்துவட்டிக்காரன் ஏமாற்றுகிறான். அவள் இரவுப் பள்ளிக்குப் போகிறாள். கடைசிப் பக்கத்தில் பத்திரத்தைப் படித்துவிடுகிறாள். ஊர் கைதட்டுகிறது. இன்னொரு புத்தகம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறது. இன்னொன்று, அளவான குடும்பம். இன்னொன்று, கக்கூஸ் கட்டு. இன்னொன்று, சேமிப்புக் கணக்கு.

எல்லாம் நல்ல விஷயம்தான். யார் இல்லை என்றார்கள்? நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருத்தி, மூன்று பிள்ளை பெற்று, இரண்டு கல்யாணம் பண்ணிவைத்து, கடன் வாங்கிக் கடன் அடைத்து, பாகூர் ஏரிப் பாசன வயலில் எந்த மடையில் தண்ணீர் எப்போது வரும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறவள், ஆறு மாதம் கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டப் பழகி, முதன்முதலாக ஒரு புத்தகத்தைத் தானே வாசிக்கிறாள். அது அவளிடம், 'கை கழுவு' என்கிறது. நீங்களாக இருந்தால் இரண்டாவது புத்தகத்தை எடுப்பீர்களா?

நம்மையே கேட்டுக்கொள்ளலாம். நமக்கு வாசிப்பில் ருசி எப்படி வந்தது? அம்புலிமாமா, இரும்புக்கை மாயாவி, தந்தியில் சிந்துபாத். ஊர்ப்புறத்துத் தமிழர்கள் பல பேருக்கு இரண்டாவது பள்ளிக்கூடம் டீக்கடை பெஞ்சு. அங்கே வாத்தியார் 1942-ல் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி. பேசுகிற மாதிரி எழுது, சின்ன வாக்கியமாக எழுது என்று அவர் போட்ட விதிதான் எந்த எழுத்தறிவுத் திட்டத்தைவிடவும் அதிகம் பேரை வாசிக்கவைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கன்னித்தீவு எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ளவே எழுத்துக் கூட்டியவர்கள் உண்டு. (அது முடியவே இல்லை. இதைவிடச் சிறந்த தொடர்கல்வித் திட்டம் கிடையாது.) கொலை, கள்ளக்காதல், சினிமா, மழை வருமா வராதா, யார் ஜெயித்தார்கள். ஆண்களுக்கு இது கிடைத்தது. பெண்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாது என்பதால், அவர்களுக்கு மட்டும் கை கழுவும் புத்தகம்.

பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ன செய்தார்? 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் முந்நூறு கூலிக்காரர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்துக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்வார்கள். முதலில் அந்த ஜனங்கள் தினமும் புழங்குகிற, அவர்களுக்கு வலிக்கிற சொற்கள் எவை என்று கேட்டு எழுதிக்கொண்டு அதிலிருந்து தொடங்குவது அவர் முறை. கட்டட வேலை செய்கிறவனுக்குச் 'செங்கல்'. அறிவொளிக்காரர்கள் ஃப்ரெய்ரேவைப் படித்தவர்கள். முதல் பாடப் புத்தகத்தில் அந்த வாசனை இருந்தது. பிறகு வந்த சிறு நூல்களில் அது கழன்றுபோயிற்று. கேட்டு எழுதிக்கொள்வதை விட்டுவிட்டு, சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அளவுகோலும் அதற்கு ஏற்ற மாதிரியே இருந்தது. தேசிய இயக்கத்தின் கணக்குப்படி எழுத்தறிவு பெற்றவர் என்றால் நிமிடத்துக்கு முப்பது சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஏழு சொல் பார்த்து எழுத வேண்டும், சொல்லச் சொல்ல ஐந்து சொல் எழுத வேண்டும், மூன்று இலக்கக் கூட்டல் கழித்தல் போட வேண்டும். ஏதாவது ஒரு அளவு வேண்டும்தான். ஆனால் அந்த முப்பது சொல் என்ன சொல் என்று அந்தக் கணக்கு கேட்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் தாராளம். வீட்டுக்கு வருகிறவர் கேட்பார், வீட்டில் இருக்கிறவர் சொல்வார், தீர்ந்தது. பரீட்சை எல்லாம் கிடையாது. அப்படி எடுத்த 2011 கணக்கில் புதுச்சேரியின் எழுத்தறிவு 85.85 சதவீதம். பெண்கள் 80.67. 1991-ல் மொத்தம் 74.74 ஆக இருந்தது. ஏற்றம் ஏற்றம்தான், கைதட்டலாம். அந்த எண்பது பெண்களில் எத்தனை பேர் கடந்த மாதம் எதையாவது வாசித்தார்கள் என்று கேட்டால் கைதட்டல் கொஞ்சம் மெலியும்.

எழுத்து மறந்துபோகும். நீச்சல், சைக்கிள் மாதிரி அது உடம்பில் தங்குவதில்லை. புழங்காவிட்டால் முதலில் கூட்டெழுத்து போகும், அப்புறம் 'ண'வும் 'ன'வும் குழம்பும், கடைசியில் கையெழுத்து மட்டும் மிஞ்சும். அதுவும் ஒரு படம் வரைகிற மாதிரி. வில்லியனூர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே அவசரத்துக்கு மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அரிக்கமேடு. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே சாதாரணப் பானை ஓட்டில் தமிழ் பிராமியில் கீறி வைத்திருக்கிறார்கள். தன் பானையில் தன் பேர். அந்த ஆசைக்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை.

சரி, எழுத்து மறக்காமல் இருக்கத்தானே நூலகம்? நூலகத்துக்கு வருவோம்.

இதில் நமக்கு வழிகாட்ட வெளிநாட்டு ஆள் வேண்டாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கு. 'இதையெல்லாம் ஒரு விதியாக எழுதணுமா?' என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கிராமத்து நூலகத்துக்குப் போனவர்கள் கேட்க மாட்டார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ. உள்ளே வரிசையாகப் புத்தகம். வெளியே பூட்டு. சாவி ஒருவரிடம். அந்த ஒருவர் இன்று கொம்யூன் ஆபீசுக்கு மீட்டிங் போயிருக்கிறார். புத்தகம் தொலைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. அதில் தப்பில்லை. புத்தகம் தொலைந்தால் தண்டனை, யாருமே படிக்காமல் இருபது வருடம் பீரோவில் பத்திரமாக இருந்தால் பாராட்டு என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு காரியம் செய்தார். மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ரங்கநாதன்தான் தொடங்கிவைத்தார். படிக்கிறவன் நூலகத்துக்கு வரவில்லையா, நூலகம் படிக்கிறவனிடம் போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் நூலகம் உண்டு, அவனுக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ரங்கநாதனின் கட்சி. இந்தக் கடைசி யோசனையைத்தான் நாம் மொத்தமாகத் தொலைத்துவிட்டோம். நூலகம் என்றால் 'அமைதி' என்று போர்டு மாட்டிய இடம் என்று ஆக்கிவிட்டோம். பேசக்கூடாத இடத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் ஏன் வருவார்கள்?

நேரம் இன்னொரு கூத்து. புதுவையில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படி ஏலம் விட்டு நடப்பவை. கூலி முடிந்து ஆள் திரும்புகிற நேரத்துக்கு அவை திறந்திருக்கும். நூலகம் ஆபீஸ் நேரத்துக்குத் திறந்திருக்கும். நடவுக்குப் போனவள் வீட்டுக்கு வரும்போது அது மூடியிருக்கும். எது யாருக்காக நடக்கிறது என்பதை நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். இதை மாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது? புதுவையில் 1968-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். முப்பத்தெட்டு வருடம்! அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்து, மறுபடியும் வருடக்கணக்கில் தேர்தல் இல்லை. தெருவிளக்குக்கே மனு எழுதிக்கொடுக்க வார்டு மெம்பர் இல்லாத ஊரில் நூலக நேரத்தைப் பற்றி யார் பேசுவார்?

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இதற்கெல்லாம் காத்திருக்காமல் ஒரு சிறு படிப்பகம் நடக்கிறது. ஊர் பேர் வேண்டாம், நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு கூரைக் கொட்டகை, இரண்டு தகர அலமாரி, பூட்டு இல்லை. சாயந்திரம் பிள்ளைகள் வருகிறார்கள். இருட்டிய பிறகு அவர்களைக் கூப்பிட வந்த அம்மாக்களும் ஆயாக்களும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் போன அன்று காலேஜ் படிக்கிற ஒரு பெண் கி.ராஜநாராயணன் தொகுத்த 'புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைக'ளிலிருந்து ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். பாதியில் ஒரு ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு குறுக்கே விழுந்தது.

"ஏ பொண்ணு, நிறுத்து. அது அப்படி இல்ல. அவ கெணத்துக்குப் போவல, கொளத்துக்குத்தான் போனா. எங்கம்மா சொல்லும்."

"ஆயா, புக்குல இப்படித்தான் போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு? காட்டு."

அந்தப் பெண் விரல் வைத்துக் காட்டினாள். ஆயா கண்ணை இடுக்கி, எழுத்து எழுத்தாக, 'கி...ண...று' என்று கூட்டி, "தப்பாப் போட்டுட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. அறிவொளி காலத்தில் படித்ததாம். அதற்கப்புறம் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

வேறு எந்த விமர்சனக் கூட்டத்திலும் இவ்வளவு கூர்மையான வாசகரை நான் பார்த்ததில்லை. தனக்குத் தெரிந்த கதை அச்சில் இருக்கிறது. அதில் பிழை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்றால் படித்தாக வேண்டும். முப்பது சொல் வேகம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கி.ரா. பற்றி ஒரு வார்த்தை. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1980-களின் கடைசியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியலுக்காக அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. 2021-ல் இறக்கும்வரை புதுவையிலேயே இருந்தார். எழுத்தறிவு இயக்கம் கிராமத்துக்கு எழுத்தை எடுத்துக்கொண்டு போன அதே வருடங்களில், அவரும் அவருடைய மாணவர்களும் கிராமத்துக் கதைகளை எழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில் எதிரெதிராகப் போயின. நின்று பேசிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவர் தொகுத்த ஒரு புத்தகத்தின் பேர் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'. பாலியல் கதைகள். 'வயது வந்தோர் கல்வி' என்று பேர் வைத்துக்கொண்டு, வயது வந்தவர்களைக் குழந்தையாக நடத்திய புத்தகங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. (நூலகத்தில் வைத்தால் சண்டை வரும், தெரியும். வரட்டும். சண்டைக்காகவாவது நாலு பேர் படிப்பார்கள்.)

வாணிதாசன் இதே வில்லியனூரில் 1915-ல் பிறந்து, பாகூர் கொம்யூன் சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர். பள்ளிக்கூட வாத்தியார். அந்த ஊர் வயலையும் மழையையும்தான் பாடினார். இந்தக் கிராமத்து அலமாரிகளில் நான் வாணிதாசனைத் தேடினேன். கிடைத்தது என்ன தெரியுமா? பழைய சாப்ட்வேர் ஒன்றைப் பற்றிய கம்ப்யூட்டர் கைடு, சென்னையில் யாரோ படித்து முடித்த பேங்க் பரீட்சை நோட்ஸ், அட்டை கிழிந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல், ஜோசியம், இரண்டு வால்யூம் வருமான வரிச் சட்டம். கூலிக்காரத் தெருவில் வருமான வரிச் சட்டம்! நூலகத்துக்குப் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டால், வீட்டைக் காலி பண்ணுகிறபோது பழைய பேப்பர்காரன்கூட எடுக்காததை மூட்டை கட்டி அனுப்புகிறோம். கொடுத்த புண்ணியம் வேறு.

பிள்ளைகள் விஷயம் தனியாகவே எழுத வேண்டும். 2023-24 முதல் புதுவை அரசுப் பள்ளிகளில் மேல் வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அது சரியா தப்பா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்குப் பாடப் புத்தகம் இன்னும் தூரமாகிறது என்பது மட்டும் தெரிகிறது. படிப்பகத்தை டியூஷன் சென்டராக மாற்றச் சொல்லி அம்மாக்களே கேட்கிறார்கள். நடத்துகிறவர்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி. மார்க் வேண்டும் என்கிற அம்மாவிடம் 'கதைப் புத்தகம் படிக்கட்டும்' என்று சொல்வது எளிதில்லை. அவர்கள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார்கள்: முதல் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம், அப்புறம் கதை. கதை நேரத்தில் அம்மாவும் உட்கார வேண்டும். இது நல்ல யோசனை. ஏனென்றால் அந்த அம்மாவின் செல்போன் வந்த பிறகு அவளுக்கு எழுத்தின் அவசியமே குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுகிறாள். பதில் பேச்சாகவே வருகிறது. படிக்கத் தெரியாததை யாருக்கும் தெரியாமல் மறைக்க இவ்வளவு வசதியான காலம் இருந்ததில்லை. அந்தக் கொட்டகையில் மட்டும்தான் பிள்ளையோடு சேர்ந்து ஒரு பக்கத்தைப் பார்க்கிறாள்.

அங்கே சுவரில் ஒரு கோடு போட்ட நோட்டு தொங்குகிறது. வேண்டிய புத்தகத்தை எழுதிவைக்கலாம், எழுத வராதவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதும். பக்கங்களைப் புரட்டினேன். மாரியம்மன் தாலாட்டு. எம்.ஜி.ஆர். வாழ்க்கை. பாம்புக்கடிக்கு என்ன செய்வது. பேய்க் கதை (நாலு தடவை). கோலம். பட்டா மாற்றுவது எப்படி. 'நல்ல காதல் கதை, சோகமா முடியக்கூடாது.' ஒரு பிள்ளை எழுத்தில், 'ஆயா சொன்னது: குளத்துக் கதை.'

புத்தகம் கொடுக்கிற எண்ணம் உங்களுக்கு இருந்தால், வருமான வரியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலிலிருந்து ஏதாவது வாங்கிக் கொடுங்கள். புதிதாக, அட்டை கிழியாததாக. பேய்க் கதை இன்னும் இரண்டு வேண்டுமாம்.